கேட்டதை மட்டும் சொன்னவர்

அவருடைய பெயரையும் ஊரையும் எழுதப்போவதில்லை. கம்பம் பள்ளத்தாக்கில் வயலின் சொல்லித்தரும் பெண்கள் அதிகம் இல்லை. ஊரைச் சொன்னால் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். உத்தமபாளையத்துக்கு அந்தப் பக்கம், திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் ஒரு கத்தோலிக்கக் கிராமம் என்பது போதும். அவருக்கு அப்போது நாற்பது வயது இருக்கும். நாங்கள் ஐந்து மாணவர்கள். ஐந்து பேரும் அவரை டீச்சர் என்றுதான் கூப்பிட்டோம். மூத்தவன் நான், எழுபத்தொன்று. முப்பத்து மூன்று வருஷம் கல்லூரியில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவன். ஒலியியல் என்னுடைய பாடம். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நான் செய்ததை ஒலியியல் தெரியாத ஒருவர் செய்திருந்தால் மன்னித்துவிடலாம்.

வகுப்பு முழுக்கப் போனில்தான். நான் தேனியில், அவர் அங்கே. இரண்டு பஸ் மாறிப் போக என் முழங்கால் இடம் கொடுக்காது. வாரத்தில் இரண்டு நாள், காலை ஏழு மணிக்கு, பூஜை அறைக்கு எதிரே பாய் விரித்து, வயலினின் தலையைக் கணுக்காலில் ஊன்றிக்கொண்டு உட்கார்வேன். முதல் நாள் சட்டையை இஸ்திரி போட்டு, தலை வாரி, போனை முகத்துக்கு நேராக நிறுத்தியிருந்தேன்.

"சார், போனைக் கொஞ்சம் கீழ எறக்குங்க."

இறக்கினேன்.

"இன்னும். உங்க மொகம் எனக்கு வேண்டாம். வில்லும் வெரலும் தெரிஞ்சாப் போதும்."

சமையலறையில் என் மனைவி சிரித்தது எனக்குக் கேட்டது. அவருக்கும் கேட்டிருக்கும்.

இரண்டாவது மாதத்தில் படத்தையே அணைத்துவிடச் சொன்னார். விரல் இடம் பழகிவிட்டது, இனிமேல் பார்க்க ஒன்றுமில்லை என்றார். ஏன் என்று கேட்டேன். "மொகத்தப் பாத்தா பாவமா இருக்கும் சார். பாவம் பாத்தா தப்பு காதுல விழுகாது." அதன் பிறகு அவர் எனக்கு ஒரு குரல் மட்டும்தான். முதல் மாதத்தில் பார்த்த உருவம் மனதில் இருந்தது. காதில் வயர் மாட்டி, தலையைக் குனிந்து, தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கும் ஒரு மெலிந்த பெண். என்னைப் பார்க்க அவர் ஒரு தடவைகூட நிமிர்ந்ததில்லை.

அவர் பாராட்ட மாட்டார். சரளி வரிசையின் ஏழாவது வரிசையை மூன்று வாரம் உழுதுவிட்டு ஒருநாள் பிசகாமல் வாசித்தேன். எனக்கே தெரிந்தது. மூச்சை அடக்கிக் காத்திருந்தேன். "எட்டாவது எடுங்க" என்றார். அவ்வளவுதான். என் மனைவிக்கே பொறுக்கவில்லை. போன் பக்கம் குனிந்து, "ஏம்மா, ஒரு நல்ல வார்த்தை சொன்னா வாய் நோகுமா? இந்த மனுசன் நேத்துப் பூரா இதையே தேய்ச்சாரு. பக்கத்து வீட்டுக்காரக, 'உங்க வீட்டுல யாருக்கும் ஒடம்பு சரியில்லையா'ன்னு கேக்குறாக" என்றாள்.

"நல்லா இருந்தா நான் ஒண்ணும் சொல்ல மாட்டேம்மா. அடுத்ததுக்குப் போயிருவேன். கேட்டதத்தான சொல்ல முடியும்? தப்புக் கேட்டா சொல்லுவேன். கேக்கலைன்னா என்னத்தச் சொல்ல?"

கேட்டதைச் சொல்வது. அவரைப் பற்றிச் சொல்ல ஒரே ஒரு வரிதான் இருக்கிறதென்றால் அது இதுதான். காதில் விழுந்ததைக் கூட்டவும் மாட்டார், குறைக்கவும் மாட்டார். யார் என்றும் பார்க்க மாட்டார். சர்ச்சில் ஞாயிற்றுக்கிழமை பாடகர் குழுவுக்கு வயலின் வாசிப்பவர் அவர். ஒருநாள் பூசை முடிந்ததும், "சாமி, நீங்க பாடுறது பாதியில எறங்குது. நாங்க மேலயே நிக்கிறோம், நீங்க கீழ தனியா நிக்கிறீக" என்று பங்குச் சாமியாரிடமே சொல்லிவிட்டாராம். சாமியார் நல்ல மனிதர். அடுத்த வாரத்திலிருந்து பாட்டைக் குழுவிடம் விட்டுவிட்டு ஜெபத்தை மட்டும் சொன்னார். இதை டீச்சரே எங்களிடம் சொன்னார். பெருமையாகவும் சொல்லவில்லை, சிரிப்பாகவும் சொல்லவில்லை. பஸ் எத்தனை மணிக்கு என்பது போலச் சொன்னார்.

எங்களில் ஒருவர் போடியில் ஏலக்காய் வியாபாரி. வாய் ஜாலக்காரர். தினமும் ஒரு மணி நேரம் பயிற்சி செய்வதாகச் சொல்லிக்கொள்வார். மாதத்துக்கு ஒருமுறை ஐந்து பேரும் சேர்ந்து வரும் வகுப்பில் அவர் நான்கு சுரம் வாசித்ததும் டீச்சர் நிறுத்தினார்.

"அண்ணே, வயலின் பெட்டியத் திறந்து எத்தன நாளாச்சு?"

"தினமும்ல டீச்சர் திறக்கேன்!"

"தந்தி எறங்கிக் கெடக்கு. தினமும் தொட்டா இம்புட்டு எறங்காது. வில்லு முடிக்கு இப்பத்தான் ரோசனப் பிசின் தேச்சிருக்கீக, கரகரன்னு பிடிக்குது. பத்து நாளு இருக்கும்."

"பதினொண்ணு டீச்சர்" என்றார் வியாபாரி. எல்லோரும் சிரித்தோம். அவர்தான் அதிகமாகச் சிரித்தார்.

என் வீட்டைக் கண்ணால் பார்க்காமலே அந்த வீடு முழுவதும் அவருக்குத் தெரியும். மேலே சுற்றும் மின்விசிறி பழசு. "சார், உங்க ஃபேன் ஒரு சுத்துக்கு ஒரு தடவ இடிக்குது. எண்ணெய் போடுங்க" என்பார். குக்கர் விசில் எங்கள் சுருதிக்குக் கொஞ்சம் மேலே நிற்கிறது என்பார். என் மனைவி அன்றிலிருந்து வகுப்பு நேரத்தில் குக்கர் வைப்பதில்லை.

ஆண்டிபட்டியில் இருந்த என் அண்ணன் இறந்து, காரியம் முடிந்து நான் வந்த மறுநாள் வகுப்பு. நான் எதுவும் சொல்லவில்லை. வழக்கம்போல் உட்கார்ந்து ச, ரி, க, ம என்று இழுத்தேன். அவர், "இன்னிக்கு வேண்டாம் சார். என்ன ஆச்சு?" என்றார். சொன்னேன். "சரி, வில்லக் கீழ வச்சிட்டுக் கேளுங்க" என்று சொல்லிவிட்டு அவரே வாசித்தார். இருபது நிமிஷம் இருக்கும். ஆறுதல் வார்த்தை ஒன்றுகூடச் சொல்லவில்லை. அண்ணன் வீட்டில் வராத அழுகை எனக்கு அந்தப் பாயில் உட்கார்ந்து வந்தது. நான்கு சுரத்தில் என் துக்கத்தைக் கண்டுபிடித்த காது அது. அந்தக் காதைத்தான் நான் சந்தேகப்பட்டேன்.

என் பிறந்தநாளுக்கு மகள் புது போன் வாங்கிக் கொடுத்தாள். பழையதைக் கடையில் கொடுத்துக் கழித்துக்கொண்டோம். புது போனில் நடந்த முதல் வகுப்பிலேயே டீச்சர் சொன்னார்: "சார், வில்லப் பாதியில எடுக்குறீக."

அப்போது நான் நீண்ட வில் பழகிக்கொண்டிருந்தேன். ஒரே சுரத்தை எட்டு எண்ணிக்கைக்கு, நுனியிலிருந்து அடி வரை, அறுபடாமல் இழுக்க வேண்டும். எனக்குக் கைவந்த ஒன்று அது மட்டும்தான். எடுக்கவில்லை என்றேன்.

"மூணு வர கேக்குது. அப்புறம் காணோம். மறுபடி வாங்க."

மறுபடி இழுத்தேன்.

"காணோம் சார்."

ஒரு மாதம் இப்படியே போனது. சுருதிப் பெட்டி பக்கத்திலேயே அலறிக்கொண்டிருக்கும். "சுருதி போடலயா சார்?" என்று கேட்பார். "ஃபேன நிறுத்திட்டீகளா? சத்தமே இல்லையே" என்பார். ஃபேன் தலைக்கு மேல் இடித்துக்கொண்டே சுற்றும். ஒருநாள் அவரே, "போன்ல எதுவோ இருக்கு சார். பழைய போன்ல ஒரு தடவ வாங்களேன்" என்றார். "இது பழையதைவிட மூன்று மடங்கு நல்ல போன் டீச்சர், இதில் குறை இருக்க முடியாது" என்றேன். பழைய போன் கையில் இல்லை என்பதை நான் சொல்லவில்லை. என் மனைவியின் போனில் வந்திருக்கலாம். அதுவும் எனக்குத் தோன்றவில்லை. தோன்றாமல் இருக்க நான் பார்த்துக்கொண்டேன் என்பதே சரி.

நான் சோதனை செய்தேன். சோதனை என்ற சொல்லை வேண்டுமென்றேதான் எழுதுகிறேன். அப்படித்தான் அன்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். ஒரு காலை, அவருக்குச் சொல்லாமல், ஃபேனை முழு வேகத்தில் விட்டேன். சுருதிப் பெட்டியைப் போனுக்கு ஒட்டி வைத்தேன். மனைவியை மிக்சியை ஓட்டச் சொன்னேன். "டீச்சர், இங்கே ஏதாவது சத்தம் கேட்கிறதா?" என்றேன்.

"இல்ல சார். உங்க பேச்சு மட்டுந்தான் கேக்குது."

ஒரு நோட்டில் எழுதினேன். மூன்று ஒலிகள், மூன்றும் கேட்கவில்லை. முடிவு: கேட்கும் திறன் குறைந்துவிட்டது. கல்லூரியில் ஒரு மாணவன் இப்படி எழுதி வந்திருந்தால், இரண்டு முனைகளுக்கும் நடுவில் இருக்கும் கருவியைச் சோதித்தாயா என்று கேட்டுத் திருப்பி அனுப்பியிருப்பேன்.

எங்கள் ஐந்து பேருக்கும் இரண்டு வாட்ஸ்அப் குரூப் இருந்தது. ஒன்று டீச்சரோடு, இன்னொன்று டீச்சர் இல்லாமல். வகுப்பு நேரத்தை மாற்றுவது, யார் நன்றாகத் திட்டு வாங்கினார் என்று கேலி செய்வது, இதற்காக வியாபாரி ஆரம்பித்த குரூப் அது. அதில் எழுதினேன். 'ஓர் இயற்பியல் ஆசிரியனாக, ஃபேன், சுருதிப் பெட்டி, மிக்சி என மூன்று ஒலிகளை வைத்துச் சோதித்துவிட்டு, வருத்தத்தோடு தெரிவிக்கிறேன். நம் டீச்சருக்குக் காது கேட்பது குறைந்துவிட்டது. அவர் சொல்லும் திருத்தங்களை இனி அப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டாம்.' நான் சொன்னதை அவர்கள் நம்பினார்கள். என்னிடம் படித்தவர் ஒருவர் அந்தக் குரூப்பில் இருந்தார். இரண்டு பேர் அந்த வாரமே நின்றுவிட்டார்கள். அக்கறையோடுதான் என்று நினைக்கிறேன், யாரோ ஒருவர் என் வார்த்தைகளை அப்படியே அவருக்கு அனுப்பிவிட்டார்.

அடுத்த வகுப்பில் அவர் வில்லை எடுக்கச் சொல்லவில்லை.

"சார், நீங்க எழுதுனத படிச்சேன். நெசமா?"

"என் சோதனை அப்படித்தான் காட்டுகிறது டீச்சர்."

"மிக்சி ஓடுச்சா அன்னிக்கு?"

"ஓடியது."

"சுருதிப் பெட்டியும்?"

"ஆமாம்."

பிறகு சொன்னார்: "எனக்கு ஒண்ணும் கேக்கல சார். பொய் சொல்ல மாட்டேன். அப்ப நீங்க சொல்றது சரியா இருக்கும். மத்தவுக வாசிச்சதுலயும் எதெத விட்டேனோ. காது சரியில்லாதவ கிளாஸ் எடுக்கக்கூடாது." மீதி இரண்டு பேருக்கும் அன்றே சொல்லி, வகுப்பை நிறுத்திவிட்டார்.

எனக்கு வருத்தம் இருந்தது, ஆனால் குற்ற உணர்ச்சி இல்லை. உண்மையைச் சொன்னேன் என்ற நிமிர்வுதான் இருந்தது. இரண்டு மாதம் கழித்துச் சென்னையிலிருந்து வகுப்பு எடுக்கும் ஒரு வாத்தியாரிடம் சேர்ந்தேன். உற்சாகமான ஆள். வாய் திறந்தால் "சூப்பர் சார்". முதல் வகுப்பில் ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. "சார், ஒரு நிமிஷம். வில்லை இழுக்கும்போது சத்தம் கட் ஆகுது பாருங்க. செட்டிங்குக்குப் போங்க. இரைச்சலை வெட்டுறது ஆன்ல இருக்கும், அதை ஆஃப் பண்ணுங்க. புது போன்ல அது தானாவே ஆன் ஆகியிருக்கும். மாறாம ஒரே மாதிரி வர்ற சத்தம் எல்லாத்தையும் ஃபேன்னு நினைச்சு வெட்டிடும். வயலினையும் சேர்த்துத்தான்."

நான் அணைத்தேன். "இப்ப சூப்பர் சார். ஃபேன் ஏதோ இடிக்குது போல?" என்றார்.

எனக்கு யாரும் மேற்கொண்டு விளக்க வேண்டியிருக்கவில்லை. பேச்சு மாறிக்கொண்டே இருக்கும், இரைச்சல் மாறாது. அறுபடாமல் ஒரே சீராக இழுத்த சுரத்தை அந்தப் போன் இரைச்சல் என்று எடுத்துக்கொண்டது. நான் எவ்வளவு சரியாக இழுத்தேனோ அவ்வளவு சீக்கிரம் வெட்டியது. டீச்சர் தன் காதில் விழுந்ததை, விழுந்தபடியே சொல்லியிருக்கிறார். அவர் காது சரி. அவர் சந்தேகப்பட்ட இடமும் சரி. போன் என்று முதலில் சொன்னவரும் அவர்தான்.

அன்றே அவருக்குப் போன் செய்திருக்க வேண்டும். செய்யவில்லை. தவறாகக் கணித்தது என் முட்டாள்தனம். அதற்காக நான் பெரிதாக வெட்கப்படவில்லை. தெரிந்த பிறகும் எட்டு மாதம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அதுதான் என் குற்றம். சென்னை வாத்தியாரிடம் சூப்பர் வாங்கிக்கொண்டே அந்த எட்டு மாதத்தையும் ஓட்டினேன்.

சித்திரையில் வீரபாண்டித் திருவிழாக் கூட்டத்தில் ஏலக்காய் வியாபாரியைப் பார்த்தேன். குடும்பத்தோடு ராட்டினத்துக்கு வரிசையில் நின்றுகொண்டிருந்தார். வரிசையை விட்டு வெளியே வந்து என் கையைப் பிடித்தார்.

"சார், நம்ம டீச்சர் சேதி தெரியுமா? காத டெஸ்ட் பண்ண மதுரைக்குப் போயிட்டு வந்தாகளாம். ஒரு கொறையும் இல்லைன்னு சொல்லிட்டாகளாம்."

"நல்லதுதானே" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"எங்க நல்லது? அவுக நம்பல. வேற ஆஸ்பத்திரிக்குப் போனாகளாம். அங்கனயும் அதே பதில். இப்ப சர்ச்சுலகூட வாசிக்கிறதில்லையாம். மிசின் தப்பா சொல்லும், சார் தப்பா சொல்ல மாட்டாகன்னு இருக்காக போல." அவர் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. அவரும் இன்னும் என்னை நம்பிக்கொண்டுதான் இருந்தார்.

மறுநாள் காலை பஸ் ஏறினேன். உத்தமபாளையத்தில் மாறி, அந்த ஊரில் இறங்கி, வயலின் டீச்சர் வீடு எது என்று கேட்டேன். "இப்ப வாசிக்கிறதில்லையே அந்தக்கா" என்று சொல்லித்தான் வழி காட்டினார்கள். வீட்டை ஒட்டித் திராட்சை அடைக்கும் அறை. அட்டைப்பெட்டிகளை மடித்து அடுக்கிக்கொண்டிருந்த பெண் திரும்பிப் பார்த்தார். நேரில் நான் அவரைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. "டீச்சர்" என்றேன்.

"சாரா? உள்ள வாங்க. மொழங்காலோட எதுக்கு இம்புட்டு தூரம்?"

உட்கார்ந்ததும் சொல்லிவிட்டேன். போன், இரைச்சல், வெட்டு, எல்லாம். அவர் அட்டையைக் கீழே வைத்துவிட்டு, தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டார். போனில் முதல் மாதம் பார்த்த அதே குனிவு.

"எப்பத் தெரிஞ்சுச்சு சார்?"

"எட்டு மாசம் ஆச்சு."

அப்போதுதான் நிமிர்ந்தார். "எட்டு மாசமா?" என்றார். குரலை உயர்த்தவில்லை. "இந்த எட்டு மாசத்துல நான் வில்லத் தொடல சார். எடுத்தா, கேக்குறது நெசந்தானான்னு வந்துருது. சேசுவே, எங்காது என்னைய ஏமாத்துதேன்னு இருந்தேன்."

நான் போனை எடுத்தேன். குரூப்பில் இப்போதே எழுதிவிடுகிறேன் என்றேன்.

"எழுத வேண்டாம். பேசி அனுப்புங்க. எழுத்துல நான் என்னத்தக் கேக்க?"

பட்டனை அழுத்திப் பேசினேன். "நண்பர்களே, ஒரு தொழில்நுட்பக் கோளாறினால் தவறான புரிதல் ஏற்பட்டுவிட்டது..."

"அழிச்சிருங்க" என்றார்.

மறுபடி பேசினேன். "டீச்சரின் காதில் குறை இல்லை. என் போனில் இருந்த ஒரு செட்டிங்கை நான் கவனிக்கவில்லை. டீச்சரும் பெரிய மனது பண்ணி மன்னித்துவிட்டார்..."

"நான் எப்ப மன்னிச்சேன்?"

அழித்தேன். மூன்றாவது தடவை என் தப்பு என்று தெளிவாகவே சொன்னேன். முடித்துவிட்டு அவரைப் பார்த்தேன்.

"எட்டு மாசத்த விட்டுட்டீக."

நான்காவது தடவை பேசினேன். நண்பர்களே என்ற வார்த்தைகூட வரவில்லை. "டீச்சர் காது நல்லாத்தான் இருக்கு. என் போன்தான் சத்தத்தை வெட்டியது. அவர் போன் என்றுதான் சொன்னார், நான்தான் கேட்கவில்லை. இது தெரிந்து எட்டு மாசம் ஆகிறது. வெட்கத்தில் யாரிடமும் சொல்லவில்லை. நான் பொய்யன்."

அவர் போனை வாங்கி, காதருகே வைத்து, முழுவதும் ஒருமுறை கேட்டார். என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

"அனுப்புங்க."

அனுப்பினேன். காபி கொடுத்தார். குடித்து முடித்து, வகுப்பைத் திரும்ப ஆரம்பிக்க வேண்டும், நாங்கள் ஐந்து பேரும் வருவோம் என்றேன்.

"அவுக வரட்டும் சார். ஆரம்பிக்கிறேன். உங்களுக்கு எடுக்க மாட்டேன்."

காபி டம்ளரைக் கீழே வைத்தேன்.

"கோவத்துல சொல்லல. நீங்க வாசிச்சா இனிமே எங்காதுல அது விழுகாது. நீங்க சொன்னதுதான் விழுகும். கேக்காதத கேட்டதாச் சொல்லி நான் எப்படிக் கிளாஸ் எடுக்க?"

அதில் மறுக்க ஒன்றுமில்லை. எழுந்து வாசலுக்கு வந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது உள்ளே அவர் போன் அடித்தது. போடி வியாபாரியின் சத்தம் வாசல் வரை வந்தது. அவர் என்னென்னவோ சொல்லிக்கொண்டே போனார். கடைசியில் டீச்சர், "சரிண்ணே. போன ஆஃப் பண்ணாதீக. வயலின எடுத்துட்டு வாங்க, கேக்குறேன்" என்றார்.